மேட் சீசன் ‘அபவ்’: இதைச் சாவு வீட்டு ஆல்பம் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

கொட்டகலைக் கிட்டார்:

மேட் சீசன் என்ற சியாட்டில் ராக் பேண்டின் ‘அபவ்’ ஆல்பம் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே அதன் பாடகர் லேன் ஸ்டேலியின் சாவு வந்து உட்கார்ந்துவிடுகிறது. தன் முடிவைத் தானே பாடிவைத்துவிட்டுப் போன மனுஷன் என்று உருகுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

வருடங்களைப் பாருங்கள். ஆல்பம் வந்தது 1995 மார்ச். ஸ்டேலி இறந்தது 2002 ஏப்ரல். அந்த 1995 நவம்பரிலேயே தன் வழக்கமான பேண்ட் ஆலிஸ் இன் செயின்ஸோடு இன்னொரு ஆல்பம் போட்டார். 1996இல் எம்டிவி அன்பிளக்ட் மேடையில் உட்கார்ந்து பாடினார். ஏழு வருடம் கழித்து நடந்ததைத் தூக்கிவந்து முன்னால் ஒட்டிவிட்டு, பாட்டு முழுக்க ஒப்பாரி என்று கேட்பது நம்முடைய சோம்பேறித்தனம்.

இந்த பேண்ட் சேர்ந்த கதையே வேறு. பேர்ல் ஜாம் பேண்டின் கிட்டார்காரர் மைக் மெக்ரெடி 1994இல் மினியாபொலிஸில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் இருந்தார். அங்கேதான் ஜான் பேக்கர் சாண்டர்ஸைச் சந்தித்தார். சாண்டர்ஸ் பேஸ் வாசிப்பவர், ப்ளூஸ்காரர்களோடு ஊறிய கை. சியாட்டிலுக்கு வந்ததும் ஸ்க்ரீமிங் ட்ரீஸ் பேண்டின் டிரம்ஸ்காரர் பாரெட் மார்ட்டினைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகுதான் ஸ்டேலிக்கு அழைப்பு. போதையை விட்டவர்கள் நடுவில் இருந்தால் அவரும் விடுவார் என்பது மெக்ரெடியின் எண்ணம். வரிகள், மெட்டு எல்லாம் உன் இஷ்டம் என்று அவர் கையில் கொடுத்துவிட்டார். ஆக, இது பிழைக்க நினைத்தவர்கள் கூடிச் செய்த ஆல்பம். பிழைத்தார்களா என்பது அடுத்த கேள்வி. ஒலிப்பதிவு நடந்தபோது யாருக்கும் அதற்கான விடை தெரியாது.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். சூப்பர்குரூப், அதாவது வேறு வேறு பேண்டில் பெயர் எடுத்தவர்கள் கூடுகிற பேண்ட், என்றால் வழக்கமாக என்ன நடக்கும்? நாலு பேரும் நாலு பக்கம் இழுப்பார்கள், நான் யார் தெரியுமா என்று ஒவ்வொருவரும் காட்டுவார்கள். இங்கே ‘வேக் அப்’ எப்படி ஆரம்பிக்கிறது? சாண்டர்ஸின் பேஸ் ஒரு சின்னச் சுழல் போடுகிறது. அதன் மேல் மார்ட்டின் உலோகப் பட்டைகள் கொண்ட வைப்ரஃபோனை மெல்லத் தட்டுகிறார். மெக்ரெடி அடக்கி வாசிக்கிறார். ஏழரை நிமிடப் பாட்டில் அவர் கிட்டாரை அவிழ்த்துவிட எடுத்துக்கொள்கிற நேரம் இருக்கிறதே, அந்தப் பொறுமைதான் இந்த ஆல்பம். தயாரிப்பை பேண்டோடு சேர்ந்து பார்த்துக்கொண்டவர் பிரெட் எலியாசன், பேர்ல் ஜாமின் மேடைச் சத்தத்தைக் கவனித்தவர். அதனால்தானோ என்னவோ, ஒரே அறையில் நாலு பேர் நின்று வாசிப்பதை நாம் ஓரமாக நின்று கேட்கிற மாதிரி இருக்கிறது. பூச்சு வேலை குறைவு.

இன்னொன்று. ஆலிஸ் இன் செயின்ஸில் ஸ்டேலியின் குரலோடு கிட்டார்காரர் ஜெர்ரி கான்ட்ரெலின் குரல் எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். இங்கே கான்ட்ரெல் இல்லை. பல இடங்களில் ஸ்டேலி தனக்குத் தானே துணைக்குரல். ‘ரிவர் ஆஃப் டிசீட்’ கேளுங்கள், அந்தக் குரலில் எத்தனை மென்மை இருந்தது என்று தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. ‘லைஃப்லெஸ் டெட்’ எனக்கு ஒட்டவில்லை. அது வேறு பேண்டின் மிச்சம் போலக் கேட்கிறது. ஆனால் எட்டாவது பாட்டிலிருந்து கடைசி வரை, ‘லாங் கான் டே’, ‘நவம்பர் ஹோட்டல்’, ‘ஆல் அலோன்’, இந்த மூன்றுக்காகவே ஆல்பத்தை வைத்திருக்கலாம். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

ஹட்டன் ஹெட்ஃபோன்:

அண்ணே, மரியாதையோடு சொல்றேன், சூப்பர்குரூப்னா ஆடியோஸ்லேவ்தான். 2002 ஆல்பம். ‘கோச்சீஸ்’ ஆரம்பிக்கிறப்ப அந்த ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் இருக்கே, அது ஒண்ணு போதும். மேட் சீசன் கேட்டேன், மூணாவது பாட்டுக்குள்ள தூக்கம் வந்துருச்சு. நம்ம ஊர் குளிருக்கு வேற, சொல்லவே வேணாம்.

கொட்டகலைக் கிட்டார்:

தம்பி, அந்த ஆல்பத்தை நானும் நிறையக் கேட்டவன்தான். அவர்களின் கிட்டார்காரர் டாம் மொரெல்லோ எழுப்பாத சத்தம் இல்லை. ரிக் ரூபினின் தயாரிப்பு கெட்டியாக இருக்கும். கிறிஸ் கார்னெல் பாடினால் யார்தான் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒன்று கவனி. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற பேண்டில் பாடகர் ஸாக் டி லா ரோச்சா 2000இல் போனதும் மிச்சம் மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள், சவுண்ட்கார்டன் பேண்டின் கார்னெல் வந்து சேர்ந்தார், அதுதான் ஆடியோஸ்லேவ். வாசிக்கிற மூன்று பேருக்கும் பத்து வருடப் பழக்கம். அந்த இறுக்கம் ‘ஷோ மீ ஹவ் டு லிவ்’ பாட்டில் கேட்கிறது, மறுக்கவில்லை. மேட் சீசனில் நாலு பேர் நாலு இடத்திலிருந்து வந்து, சில நாட்களில் பாட்டுக் கட்டி, பதிவும் செய்துவிட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

தூக்கம் வந்தது என்றால் பாதியில் நிறுத்திவிட்டாய் என்று அர்த்தம். எட்டாவது பாட்டுக்குப் போ.

தப்புக்காரன் பேரன்:

மஸ்கெலியாவிலிருந்து. டிரம்ஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று பார்த்தேன், அதனால் நான் திறக்கிறேன்.

இந்த ஆல்பத்தில் பாரெட் மார்ட்டின் டிரம்ஸ் மட்டும் வாசிக்கவில்லை. மரிம்பா, வைப்ரஃபோன், செல்லோ, கையால் தட்டுகிற தாள வாத்தியங்கள் எல்லாம் அவர்தான். ராக் டிரம்ஸ்காரர்கள் பெரும்பாலும் சிம்பலில் ஒளிந்துகொள்வார்கள். சத்தம் நிரம்பிவிட்டால் பிசகு தெரியாது. மார்ட்டின் ‘எக்ஸ்ரே மைண்ட்’ பாட்டில் டாம் என்கிற தோல் முரசுகளை வைத்தே ஓட்டுகிறார். தோல் பேசுகிறது, பித்தளை சும்மா இருக்கிறது. எங்கள் தாத்தா தோட்டத்தில் தப்படித்தவர். மாசி மாதம் காமன் கூத்து நடக்கிறபோது நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். தோல் சூடாக இருக்கிறவரை ஒரு குரல், இறங்கினால் வேறு குரல். அந்த வித்தியாசம் காதில் ஏறியவனுக்கு மார்ட்டினின் டாம் சத்தம் உடனே பிடித்துவிடும். அவர் அடிக்கு அடி பலத்தை மாற்றுகிறார். மெஷினில் வைத்த மாதிரி ஒரே அளவு கிடையாது.

நீங்கள் ‘வேக் அப்’ என்று சொன்னதும் எனக்கு ஒரு சிரிப்பு. தோட்டத்தில் அந்தக் காலத்தில் விடியுமுன் ஆட்களை எழுப்பப் பிரட்டுத் தப்பு அடித்தார்கள். அது கேட்டால் செத்தவனும் எழுந்துவிடுவான். இவர் எழுப்புகிற எழுப்புக்கு யாரும் எழ மாட்டான், இன்னும் போர்த்திக்கொள்வான்.

‘லைஃப்லெஸ் டெட்’ பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை. ஆல்பம் முழுக்க மிதந்துகொண்டே இருந்தால் கேட்கிறவனுக்குத் தரை எங்கே? ஆறாவது பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கனமான கிட்டார் ரிஃப் வந்து காலை ஊன்ற வைக்கிறது. அது இல்லாவிட்டால் உங்கள் ‘லாங் கான் டே’ இவ்வளவு எடுபடாது.

கரவெட்டி கேசட்:

நான் யாழ்ப்பாணம், வேலை நிமித்தம் இப்ப பேராதனைப் பக்கம். உள்ளுக்கு வரலாம்தானே?

கிட்டார் அண்ணை 1995 மார்ச் எண்டு எழுதினதைப் பாத்திட்டு யோசிச்சுப் பாத்தன். அந்த நேரம் எங்களுக்குப் பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைச் சுத்தி, டைனமோவிலதான் ரேடியோ கேட்டது. சியாட்டிலில ஆர் என்ன பாடினவை எண்டு எங்களுக்கு என்ன தெரியும்? அந்த ஒக்ரோபரோட முழுச் சனமும் இடம்பெயர்ந்தது. இந்த ஆல்பம் எனக்குக் கிடைச்சது எத்தினையோ வருசம் கழிச்சு, கண்டியில ஒரு பெடியன் சீடியில அடிச்சுத் தந்தது. அதால எனக்கு இதில ‘அந்தக் காலத்து நினைவு’ எண்டு ஒண்டும் இல்லை. வெறும் காதாலதான் கேட்டனான்.

அப்பிடிக் கேட்டதில சொல்லுறன், ‘லாங் கான் டே’தான் உச்சம். அதில மார்க் லானகன் வந்து பாடுறார், மார்ட்டினோட ஸ்க்ரீமிங் ட்ரீஸில இருந்தவர். ஸ்டேலியின்ர குரல் மேல, லானகனின்ர குரல் கீழ, அடியில கரடுமுரடா இழுபடுது. பிறகு ஸ்கெரிக் எண்ட ஆளின்ர சாக்ஸபோன் வருது பாருங்கோ. அந்த வருசத்துச் சியாட்டில் ராக்கில சாக்ஸபோனை இப்பிடிக் கொண்டுவந்து வைக்க ஒரு துணிவு வேணும். அது ஜாஸ் பகட்டும் இல்லை, அளவா வந்து அளவாப் போகுது. ‘ஐம் அபவ்’ பாட்டிலயும் லானகன் இருக்கிறார், ஆனா அதில ரெண்டு குரலும் ஒண்டை ஒண்டு தள்ளுது. ‘லாங் கான் டே’யில இடம் விட்டுக் குடுக்குது.

சாவு ஆல்பம் எண்டு சொல்லக் கூடாது எண்டுறியள். பாதி ஒத்துக்கொள்ளுறன். சாண்டர்ஸ் 1999இல ஹெரோயினால போனவர். ஸ்டேலி 2002. லானகனும் 2022இல போயிட்டார். இவ்வளவும் தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரிக் கேக்கச் சொன்னா எப்பிடி? நடந்தது நடந்ததுதானே. காதை மட்டும் தனியாக் கழட்டி 1995இல வைக்கேலாது.

பண்டாரவளை வாசகி:

இசை நுணுக்கம் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது. பாட்டு வரிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் காரமாகவே.

‘ரிவர் ஆஃப் டிசீட்’ பாட்டின் நடுவே ஒரு கருத்து நிற்கிறது. என் வலியை நானே தேர்ந்துகொண்டேன் என்பது. ஒலிப்பதிவுக் காலத்தில் ஸ்டேலி கவிஞர் கலீல் ஜிப்ரானின் ‘தீர்க்கதரிசி’யைப் படித்துக்கொண்டிருந்தார் என்று பாரெட் மார்ட்டின் சொல்லியிருக்கிறார். உங்கள் வலியில் பெரும்பகுதி நீங்களே தேர்ந்தது என்ற கருத்து அந்த நூலில் இருக்கிறது. எல்லோரும் இந்த வரியைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை.

நான் படிப்பிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் எங்கே விற்கிறது, யார் விற்கிறார்கள், சம்பள நாளில் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அந்த அப்பன் தன் வலியைத் தேர்ந்துகொண்டான் என்று நான் எப்படிச் சொல்வது? மழையில் மலை ஏறி இறங்கி, அட்டை கடித்து, பிந்தினால் அன்றைய வேலைக்குப் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு வருகிற உடம்பு அது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்திய கதை இன்னும் மோசம். ஆள் சேர்த்துவந்த கங்காணிக்குப் பட்ட கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏறி, அந்தத் துண்டோடு ஆளும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினான். 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள். கடன் ஒழிந்ததா? இந்த மனுஷர்களைப் பார்த்து, வலி நீயே தேர்ந்ததப்பா என்று ஒரு பாட்டுச் சொன்னால் அந்தப் பாட்டை நான் அணைத்துவிடுவேன்.

இது வசதியுள்ளவர்களின் துக்கம். அழகாகப் பாடியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை.

ஹட்டன் ஹெட்ஃபோன்:

டீச்சர் அடிச்சிட்டாங்க 🔥

கொட்டகலைக் கிட்டார்:

வாசகி, நீங்கள் சொன்னதில் தோட்டத்தைப் பற்றிய எதையும் நான் மறுக்கப் போவதில்லை. நானும் லயத்துப் பிள்ளைதான்.

ஆனால் அந்தப் பாட்டு யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று பாருங்கள். முழுக்க ‘நான்’தான். நீ தேர்ந்தாய் என்று யாரையும் கைநீட்டவில்லை. மறுவாழ்வு நிலையத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களே, அங்கே ஒருவன் எழுந்து தன் கணக்கைத் தானே வாசிக்கிற தொனி. ஜிப்ரான் ஊருக்கே பொதுவாகச் சொன்னதை ஸ்டேலி தன்னளவில் மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த வரியைச் சொல்லி முடித்த கையோடு, குறைந்தபட்சம் அந்தத் தீர்க்கதரிசி அப்படிச் சொல்கிறான் என்று ஒரு கொக்கியும் போடுகிறார். அதில் முழு நம்பிக்கை எனக்குக் கேட்கவில்லை. நம்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான். நானே தேர்ந்தது என்றால் நானே விடவும் முடியும் என்று ஒரு சின்ன வழி திறக்கிறதே, அதற்காக நம்பிப் பார்க்கிறார்.

மெக்ரெடியே பின்னாளில் ஒத்துக்கொண்ட விஷயம், தான் முன்மாதிரியாக இருந்தால் ஸ்டேலி திருந்துவார் என்று நினைத்தது தப்புக் கணக்கு என்று. அப்படியும் அந்தப் பாட்டு நிற்கிறது.

கரவெட்டி அண்ணருக்கு: காதைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரிந்தே கேளுங்கள். அவர் பாடியதில் இல்லாததை மட்டும் ஏற்றாதீர்கள். ‘வேக் அப்’ சாவைப் பற்றிய பாட்டா? எழும்பு என்று சொல்கிற பாட்டு.

பண்டாரவளை வாசகி:

நானும் அங்கேதான் வர நினைத்தேன்.

‘ரிவர் ஆஃப் டிசீட்’ விஷயத்தில் நீங்கள் சொன்ன ‘நான்’ கணக்கு எனக்குப் பாதிதான் போதும். ஒருவன் தன் வலியைத் தானே தேர்ந்தது என்று சொல்லும்போது அந்த வலியில் பங்கு வாங்கியவர்கள் எங்கே போனார்கள்? தாய், மனைவி, பிள்ளை, யாரும் அந்தப் பாட்டில் இல்லை. ஆல்பத்தின் பெரும்பகுதி அப்படித்தான், ஒரு ஆண் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

‘வேக் அப்’ மட்டும் வேறு. அதில் ஒரு குரல், எழும்படா பையா, பத்து வருடமாக நீ பிடித்துக்கொண்டிருக்கிற இந்தக் காதலை விடு என்கிறது. காதல் என்று அவர் சொல்வது எதை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாடகர் தனக்குத் தானே சொல்கிறார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அது வீட்டு வாசலில் நின்று ஒரு அம்மா பேசுவதாகக் கேட்கிறது. கத்தவில்லை, சாபம் போடவில்லை. கத்திக் கத்தி ஓய்ந்து போன பிறகு வருகிற குரல். லயத்தில் அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். தப்புக்காரன் பேரன் சிரித்தீர்களே, இந்த எழுப்புக்கு யாரும் எழ மாட்டான் என்று. அது உண்மைதான். அந்த அம்மாவுக்கும் அது தெரியும்.

ஆகவே என் கட்சி இது: ஆல்பத்தின் நெஞ்சு முதல் பாட்டான ‘வேக் அப்’இல் இருக்கிறது. மூன்றாவது பாட்டான ‘ரிவர் ஆஃப் டிசீட்’டை வானொலிக்காரர்கள் பிரபலமாக்கிவிட்டார்கள்.

தப்புக்காரன் பேரன்:

அக்கா, இதைப் படித்துவிட்டு மறுபடி போட்டுக் கேட்டேன். ஸ்டேலி அந்தப் பாட்டின் முதல் பாதியை மூச்சுச் சத்தத்தோடு பாடுகிறார், கிட்டத்தட்ட பேச்சு. டிரம்ஸும் அதற்கேற்ற மாதிரி ஒதுங்கியே நிற்கிறது. நாலு நிமிடம் தாண்டித்தான் எல்லாம் கிளம்புகிறது. அம்மா குரல் என்பது பாதி வரை பொருந்துகிறது. கடைசியில் கிட்டார் கிழிக்கிறதே, அது அம்மாவா?

பண்டாரவளை வாசகி:

அது பையன்.

மட்டுறுத்துநர்:

களவாகத் தரவிறக்கும் தொடுப்புகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது தரம் போட்டால் கணக்கு முடக்கப்படும். மற்றபடி இழை நன்றாகப் போகிறது, நடத்துங்கள்.

ராகலை ரிஃப்:

வணக்கம். எனக்கு 19 வயசு, இந்த பேண்ட் பேரே இப்பத்தான் தெரியும். ஆடியோஸ்லேவ் ‘லைக் எ ஸ்டோன்’ வழியா உள்ள வந்தவன். ரெண்டு கேள்வி.

1. மேட் சீசன் வேற ஆல்பம் போட்டாங்களா?
2. நாங்க மூணு பேர் சேர்ந்து வாசிக்கிறோம், கிட்டார், பேஸ், ஒரு கஹோன் (மேல உக்காந்து கையால தட்டுற மரப்பெட்டி). இந்த ஆல்பத்துல நாங்க எடுக்கக்கூடிய பாட்டு எது?

கரவெட்டி கேசட்:

தம்பி, முதல் கேள்விக்கு நான்.

ஒரேயொரு ஸ்ரூடியோ ஆல்பம்தான். 1995 ஏப்ரல் 29 சியாட்டில் மூர் தியேட்டரில வாசிச்ச கச்சேரி ‘லைவ் அட் த மூர்’ எண்டு வீடியோவா வந்தது, அதைக் கட்டாயம் பாருங்கோ. ஸ்டேலி அதிகம் அசையாமல் நிண்டு பாடுவார், மெக்ரெடிதான் மேடையில அலைவார். பிறகு லானகனைப் பாடகரா வச்சு ரெண்டாவது ஆல்பத்துக்கு வேலை துவங்கிச்சினம், பாட்டுக்குக் குரல் ஏறாமலே கிடந்தது. சாண்டர்ஸும் இல்லையெண்டான பிறகு அது அப்பிடியே நிண்டுபோச்சு. 2013இல ‘அபவ்’ திரும்ப விரிச்சு வெளியிட்டவை. அப்ப அந்த மிச்சப் பாட்டுகளில மூண்டுக்கு லானகன் வரி எழுதிப் பாடிக் குடுத்தவர். ‘லோகோமோட்டிவ்’ அதில ஒண்டு. கேக்கலாம், ஆனா அது வேற பேண்ட். ஸ்டேலி இல்லாத இடம் நல்லாத் தெரியும்.

2015 ஜனவரியில சியாட்டில் சிம்பனியோட மெக்ரெடியும் மார்ட்டினும் இந்தப் பாட்டுகளைத் திரும்ப வாசிச்சவை. அதில பாடினது உங்கட கிறிஸ் கார்னெல். ஹட்டன் தம்பி, உங்கட ஆள்தான், கேளுங்கோ.

ஹட்டன் ஹெட்ஃபோன்:

இத முதல்லயே சொல்லியிருந்தா நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன் 😂

தப்புக்காரன் பேரன்:

ராகலைத் தம்பிக்கு இரண்டாவது கேள்வி.

‘லாங் கான் டே’யை எடுக்காதே. எல்லோருக்கும் ஆசை அதில்தான். மேலே லேசாகத் தெரியும், உள்ளே கைத்தாளம், வைப்ரஃபோன், சாக்ஸபோன், இரண்டு குரல் என்று ஏகப்பட்ட வேலை. மூன்று பேர் வாசித்தால் எலும்பு மட்டும் நிற்கும்.

‘வேக் அப்’ எடு. பேஸ் வாசிக்கிறவன் அந்த ஒரே சுழலை அலுக்காமல் வாசிக்கப் பழகட்டும். வேகம் ஏறக் கூடாது, அதுதான் கஷ்டம். மூன்றாவது நிமிடத்தில் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், அப்போது மெட்ரோனோம் போட்டுப் பார், எவ்வளவு ஓடியிருக்கிறீர்கள் என்று தெரியும். கஹோனில் ஓரத்தைத் தொடாதே, நடுவில் உள்ளங்கையால் அடி, சத்தம் வட்டமாக வரும். ஓரத்தின் ‘சட்’ சத்தத்தைப் பாட்டு கிளம்புகிற இடத்துக்கு வைத்துக்கொள்.

வைப்ரஃபோன் பகுதியைக் கிட்டாரில் தனித்தனி நரம்பாகத் தட்டி எடுக்கலாம். டிலே, அதாவது எதிரொலி, போட்டு ஊற்றாதே.

கொட்டகலைக் கிட்டார்:

இவர் சொன்னதோடு ஒன்று. மெக்ரெடியின் சோலோவை அச்சு அசலாகப் படியெடுக்கப் போகாதே. அந்த மனுஷனுக்கு ஹென்றிக்ஸும் ஸ்டீவி ரே வானும் ரத்தத்தில் ஊறியது. பேர்ல் ஜாமில் இன்னொரு கிட்டார் கூடவே இருக்கும், இங்கே பெரும்பாலும் அவர் தனியாள். அதனால் அநேகமான பாட்டுகளில் ரிதமும் அவர், லீடும் அவர். ‘நவம்பர் ஹோட்டல்’ ஏழு நிமிடத்துக்குப் பாட்டே இல்லை, வெறும் வாசிப்பு. அதைப் பத்துத் தரம் கேள், எப்போது சும்மா இருக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள். சோலோ பிறகு தானாக வரும்.

ராகலை ரிஃப்:

நன்றி அண்ணே ரெண்டு பேருக்கும். பாட எங்ககிட்ட ஆள் இல்ல. தங்கச்சி கோயில்ல தேவாரம் பாடுவா, அவள கேட்டுப் பாக்கவா?

பண்டாரவளை வாசகி:

கேளுங்கள் தம்பி! ஒரு பெண் குரல் ‘வேக் அப்’ பாடினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நான் பண்டாரவளையிலிருந்து பஸ் ஏறி வருவேன். ஆனால் பிள்ளைக்கு அது என்ன பாட்டு என்று சொல்லிவிட்டுப் பாடச் சொல்லுங்கள். வீட்டில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவள்தான்.

ஹட்டன் ஹெட்ஃபோன்:

சரி, எல்லாரும் சொன்னீங்கன்னு நேத்து ராத்திரி லைட்ட அணைச்சிட்டு முழுசா கேட்டேன். தீர்ப்பு: ‘லாங் கான் டே’ சூப்பர், ‘ஐ டோன்ட் நோ எனிதிங்’ ரிஃப் செம, ‘வேக் அப்’ நல்லாருக்கு ஆனா நீளம். ‘ஆல் அலோன்’ல ரெண்டு வரிய வச்சே நாலு நிமிஷம் ஓட்டுறாங்க, எப்படியோ பிடிச்சிருக்கு. ஆனா ‘ஆர்ட்டிஃபிஷியல் ரெட்’ ஆறு நிமிஷத்துக்கு மேல எதுக்குண்ணே? யாராவது நடுவுல வெட்டியிருக்கலாம். ஆடியோஸ்லேவ் இன்னும் ஒரு படி மேலதான், அதுல மாத்தம் இல்ல.

தப்புக்காரன் பேரன்:

அது மெதுவான ப்ளூஸ் தம்பி. அதில் வெட்டினால் ப்ளூஸ் போய்விடும், மெதுவு மட்டும் மிஞ்சும். சாண்டர்ஸின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தரம் கேள், பிறகு வந்து சொல்லு.

ஹட்டன் ஹெட்ஃபோன்:

பேஸ் கேக்கிற மாதிரி ஹெட்ஃபோன் வாங்கித் தாங்க, கேக்கிறேன்.

கரவெட்டி கேசட்:

பேரிலயே ஹெட்ஃபோன் வச்சுக்கொண்டு இது என்ன கதை ஐசே.